எல்சாட் லாஜிக்கல் ரீசனிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா, கனடாவில் சட்டக் கல்லூரியில் சேர எழுதும் எல்சாட் தேர்வுக்குப் படிப்பவர்கள் லாஜிக்கல் ரீசனிங் (ஒரு சிறு பத்தியில் ஒரு வாதம், அதைப் பற்றி ஒரு கேள்வி, ஐந்து ஆப்ஷன்கள் என்று வரும் பகுதி) பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆப்ஷன்களைப் படிக்கும் முன்னால் வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்திருக்க வேண்டும். அது கைவந்துவிட்டால் பாதிக் கேள்விகள் தானாக விழும், வராத வரை எத்தனை உத்தி மனப்பாடம் செய்தாலும் மதிப்பெண் நகராது.

இப்போது தேர்வு எப்படி இருக்கிறது? லாஜிக் கேம்ஸ் உண்டா?

இல்லை. நிபந்தனைகளைக் கொடுத்து வரிசைப்படுத்தவும் குழு பிரிக்கவும் சொல்லும் அந்தப் புதிர்களை 2024 ஆகஸ்ட் முதல் எடுத்துவிட்டார்கள். படம் போட்டுப் பார்த்தால்தான் அந்தக் கேள்விகளைச் சரியாகச் செய்ய முடியும், பார்வையற்றவர்களுக்கு அது நியாயம் இல்லை என்று தொடரப்பட்ட ஒரு வழக்கு 2019இல் சமரசத்தில் முடிந்தது, அதன் தொடர்ச்சிதான் இந்த மாற்றம். இப்போது மொத்தம் 4 பகுதிகள், ஒவ்வொன்றும் 35 நிமிடம், இரண்டாவது முடிந்ததும் 10 நிமிட இடைவேளை. மதிப்பெண்ணில் சேர்வது 3 பகுதிகள்: இரண்டு லாஜிக்கல் ரீசனிங், நீளமான கட்டுரைப் பகுதிகளைப் படித்து விடை சொல்லும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் ஒன்று. நான்காவது, எதிர்காலத் தேர்வுகளுக்கான கேள்விகளைச் சோதித்துப் பார்க்கும் பகுதி. அது இரண்டு வகையில் எதுவாகவும் இருக்கலாம், எந்த இடத்தில் வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே 'இது கணக்கில் வராத பகுதியாக இருக்கும்' என்று எதையும் அசட்டையாக எழுதாதீர்கள். மதிப்பெண் 120 முதல் 180 வரை.

கணக்கில் வரும் மூன்றில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங் என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பழைய பாடத்திட்டத்தை வைத்து நேரத்தைச் சமமாகப் பிரித்துப் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது வீண்.

சட்டம் தெரிந்திருக்க வேண்டுமா? தர்க்கவியல் தனியாகப் படிக்க வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். பத்தியில் டைனோசர் வரும், வரி வரும், ஓவியம் வரும், எதைப் பற்றியும் முன்னறிவு தேவையில்லை. சொல்லப்போனால் முன்னறிவு கெடுதல் செய்யும், ஏனென்றால் பத்தி சொல்லாத ஒன்றை நீங்கள் உள்ளே கொண்டுவந்துவிடுவீர்கள். நிபந்தனை வாக்கியங்களைப் புரட்டிப் பார்க்கும் அளவுக்குத் தர்க்கம் தெரிந்தால் போதும், அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வியை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா?

இதில் இரண்டு கட்சி உண்டு, நான் கேள்வியை முதலில் படிக்கச் சொல்லும் பக்கம். காரணம் எளிது. 'வாதத்தைப் பலவீனமாக்குவது எது' என்று கேட்டிருந்தால் பத்தியைச் சண்டைக்காரன் மாதிரி படிக்க வேண்டும். 'இவற்றிலிருந்து கட்டாயம் உண்மையாக வேண்டியது எது' என்று கேட்டிருந்தால் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிக்கொண்டு படிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு மனநிலை. எது வேண்டும் என்று தெரியாமல் பத்தியைப் படித்தால் அதையே இன்னொரு முறை படிக்க வேண்டி வரும்.

அப்புறம் பத்தி. ஒரே முறை, நிதானமாக. முடிவு எது, அதற்குச் சொன்ன காரணங்கள் எவை என்று பிரியுங்கள். உடனே ஆப்ஷன்களுக்குப் போகாமல் ஐந்து பத்து விநாடி நின்று, 'இந்தக் காரணம் முழுக்க உண்மையாக இருந்தும் இந்த முடிவு பொய்யாகப் போக முடியுமா?' என்று உங்களையே கேளுங்கள். முடியும் என்றால் எப்படி என்று ஒரு வரியில் மனதுக்குள் சொல்லுங்கள். ஆப்ஷன்கள் அதற்கப்புறம்தான். இந்த இடைநிறுத்தம் நேரத்தைத் தின்னும் என்று பயப்படுவார்கள், உண்மையில் நேரத்தைத் தின்பது ஐந்து ஆப்ஷன்களுக்கு நடுவில் தத்தளிப்பதுதான்.

ஐந்தில் நான்கு உங்களைத் திசைதிருப்பவே எழுதப்பட்டவை. சொந்தமாக ஒரு எதிர்பார்ப்பு இல்லாமல் அவற்றுக்குள் நுழைந்தால் ஒவ்வொன்றும் 'இதுவும் சரிதானே' என்று தோன்றும்.

முடிவு எது என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசி வாக்கியம்தான் முடிவு என்று நினைக்காதீர்கள், முதல் வரியிலும் வரும், நடுவிலும் வரும். 'தேர்ஃபோர்', 'தஸ்' போன்ற சொற்கள் உதவும், ஆனால் அவை இடைப்பட்ட முடிவுக்கு முன்னாலும் வரும். நம்பகமான வழி இது: சந்தேகம் உள்ள இரண்டு வாக்கியங்களை எடுத்து, நடுவில் 'ஆகவே' போட்டு இரண்டு விதமாகவும் படித்துப் பாருங்கள். ஒரு உதாரணம்: 'நகராட்சி இந்தப் பாலத்தை மூடக் கூடாது. மூடினால் அவசர ஊர்திகள் தாமதமாகும். மாற்றுப் பாதை இரண்டு மடங்கு நீளம்.' மாற்றுப் பாதை நீளம், ஆகவே ஊர்திகள் தாமதமாகும், ஆகவே மூடக் கூடாது. முதல் வாக்கியம்தான் முடிவு, இரண்டாவது இடைப்பட்ட முடிவு, மூன்றாவது மட்டும்தான் வெறும் காரணம். 'ஊர்திகள் தாமதமாகும் என்ற கூற்று இந்த வாதத்தில் என்ன வேலை செய்கிறது' என்று கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பிரிப்பே விடை.

இன்னொன்று. 'சிலர் சொல்கிறார்கள்', 'விமர்சகர்கள் கருதுகிறார்கள்' என்று தொடங்கும் வரி பெரும்பாலும் ஆசிரியரின் கருத்து அல்ல, அவர் மறுக்கப்போகும் கருத்து. அடுத்து வரும் 'ஆனால்'தான் உங்களுக்கு வேண்டியது.

ஓட்டையைக் கண்டுபிடி என்கிறீர்கள், எனக்கு எல்லா வாதமும் சரியாகவே தெரிகிறதே?

ஆரம்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். அன்றாடப் பேச்சில் எதிராளி விட்ட இடைவெளியை நாமே நிரப்பிக்கொண்டு கேட்டுப் பழகியிருக்கிறோம். இங்கே அந்தப் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும். நல்ல செய்தி, ஓட்டைகள் முடிவில்லாதவை அல்ல, ஒரே சில வகைகள்தான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன.

அதிகம் வருவது காரண காரியக் குழப்பம். 'இந்த அலுவலகத்தில் நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை வைத்திருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட முதுகுவலி அதிகம். ஆகவே அந்த மேசைதான் முதுகுவலியைக் கொண்டுவருகிறது.' படிக்கும்போதே கை எழ வேண்டும்: ஏற்கெனவே முதுகுவலி இருப்பவர்கள்தானே அந்த மேசையைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்? இரண்டு விஷயம் சேர்ந்து வருகிறது, ஆகவே ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று வாதம் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தலைகீழாக இருக்குமா? இரண்டையும் மூன்றாவது ஒன்று உண்டாக்குகிறதா? வெறும் தற்செயலா? பலவீனமாக்கச் சொன்னால் இவற்றில் ஒன்றைக் காட்டுவது விடை, பலப்படுத்தச் சொன்னால் இவற்றில் ஒன்றை அடைப்பது விடை.

அடுத்தது சதவீதமும் எண்ணிக்கையும். 'போன வருடம் வந்த புகார்களில் 40 சதவீதம் தாமதத்தைப் பற்றியவை, இந்த வருடம் 60 சதவீதம். ஆகவே தாமதம் பற்றிய புகார்கள் கூடியிருக்கின்றன.' போன வருடம் மொத்தம் 1000 புகார், இந்த வருடம் 400 என்று வைத்துப் பாருங்கள்: அப்போது 400 பேர், இப்போது 240 பேர். சதவீதம் ஏறியும் எண்ணிக்கை இறங்கிவிட்டது. மொத்தம் என்ன என்று சொல்லாத வரை ஒரு முடிவும் எடுக்க முடியாது.

பிறகு, தேவையானதைப் போதுமானதாக எடுத்துக்கொள்வது. 'இயக்குநர் கையெழுத்து இருந்தால்தான் ஒப்பந்தம் செல்லும். கையெழுத்து இருக்கிறது. ஆகவே செல்லும்.' கையெழுத்து வேண்டும் என்றுதான் சொன்னார்கள், அது மட்டும் போதும் என்று சொல்லவில்லை. இதையும் வாரத்துக்கு நூறு முறை பார்ப்பீர்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஒரு சிறு கூட்டத்தை வைத்து எல்லோரையும் பற்றிப் பேசுவது, சொல்பவரைத் தாக்கிவிட்டுச் சொன்னதை மறுத்ததாக நினைப்பது, 'நிரூபிக்கவில்லை, ஆகவே பொய்' என்பது, பகுதிக்குப் பொருந்துவது முழுமைக்கும் பொருந்தும் என்பது, ஒரே சொல்லை நடுவில் வேறு பொருளில் மாற்றுவது, இரண்டே வழி இருப்பதாகக் காட்டுவது.

'நெசசரி அசம்ப்ஷன்', 'சஃபிஷியன்ட் அசம்ப்ஷன்' இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறதே?

இது தெளிவாகாமல் 160ஐத் தாண்டுவது கஷ்டம் என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அசம்ப்ஷன் என்றால் வாதம் வெளிப்படையாகச் சொல்லாமல் உண்மை என்று எடுத்துக்கொண்ட ஒன்று.

வாதம் இது: 'ஆலைக் கழிவுநீரால் இந்த ஆற்றில் மீன்கள் குறைந்தன. ஆலை கழிவுநீர் விடுவதை நிறுத்திவிட்டது. ஆகவே மீன்கள் மீண்டும் பெருகும்.'

முதல் வகை, அதாவது நெசசரி, இந்த வாதம் நிற்க எது கட்டாயம் உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. விடை: 'மீன்கள் முட்டையிடும் இடங்கள் மீட்கவே முடியாதபடி அழிந்துவிடவில்லை.' சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஆப்ஷனை எதிர்மறையாக்குங்கள். மீட்கவே முடியாதபடி அழிந்துவிட்டன என்றால்? வாதம் அப்படியே சரிகிறது. எதிர்மறையாக்கியதும் வாதம் சரிந்தால் அதுதான் விடை. நெசசரி கேள்விகளில் கடைசி இரண்டில் திணறும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள்.

அதே வாதத்துக்கு 'கழிவுநீர்தான் மீன்கள் குறைய ஒரே காரணம்' என்று ஒரு ஆப்ஷன் வந்தால் பலரும் அதைத்தான் எடுப்பார்கள். எதிர்மறையாக்கிப் பாருங்கள்: வேறு சின்னக் காரணமும் ஒன்று இருந்தது. இருக்கட்டும், முக்கியக் காரணம் நின்றுவிட்டதால் மீன்கள் பெருகலாமே. வாதம் சரியவில்லை, ஆகவே அது கட்டாயம் இல்லை. தேவைக்கு மேல் பேசும் ஆப்ஷன் இது.

இரண்டாவது வகை, சஃபிஷியன்ட், எதைச் சேர்த்தால் முடிவு நூறு சதவீதம் உறுதியாகும் என்று கேட்கிறது. 'கழிவுநீரால் மீன் குறைந்த எந்த ஆற்றிலும் கழிவுநீர் நின்றால் மீன்கள் மீண்டும் பெருகும்' என்பது விடை. எவ்வளவு பெரிய கூற்று பாருங்கள். முதல் வகையில் இதை எடுத்தால் தப்பு, இங்கே இதுதான் சரி. இந்த வகையில் எதிர்மறைச் சோதனை செய்யாதீர்கள், அது உங்களை ஏமாற்றும். காரணங்களில் வராமல் முடிவில் மட்டும் புதிதாக முளைக்கும் சொல் எது என்று பார்த்து, அதைக் காரணத்தோடு கட்டிப்போடும் ஆப்ஷனைத் தேடுங்கள்.

'இஃப்', 'ஒன்லி இஃப்', 'அன்லெஸ்' வந்தாலே குழம்புகிறது.

அம்புக்குறி போட்டுப் பழகுங்கள். 'இஃப்' பின்னால் வருவது அம்பின் தொடக்கம். 'ஒன்லி இஃப்' பின்னால் வருவது அம்பின் முனை. மேலே பார்த்த ஒப்பந்தம்: செல்லும் → கையெழுத்து உண்டு. இதைப் புரட்டி இரண்டு பக்கமும் மறுத்தால் சரியான இன்னொரு வடிவம் கிடைக்கும்: கையெழுத்து இல்லை → செல்லாது. புரட்டாமல் மறுப்பதும் தப்பு, மறுக்காமல் புரட்டுவதும் தப்பு, தவறான ஆப்ஷன்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

'அன்லெஸ்' வந்தால் அதை 'இஃப் நாட்' என்று மாற்றிப் படியுங்கள். மழை பெய்தாலொழிய ஆட்டம் நடக்கும் என்றால், மழை இல்லை → ஆட்டம் உண்டு. மழை பெய்தால் என்ன ஆகும் என்று இதில் எதுவுமே சொல்லவில்லை. பெய்தும் ஆட்டம் நடக்கலாம்.

எல்லாப் பத்திக்கும் அம்பு வரையாதீர்கள். மூன்று நான்கு நிபந்தனைகள் சங்கிலியாக வரும்போது மட்டும் தாளில் போடுங்கள்.

'சம்', 'மோஸ்ட்' என்றால் எவ்வளவு?

'சம்' என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். 'மோஸ்ட்' என்றால் பாதிக்கு மேல், அதுவும் எல்லாமாக இருக்கலாம். ஒரு குழுவில் பெரும்பாலானோர் பியானோ வாசிப்பார்கள், அதே குழுவில் பெரும்பாலானோர் சதுரங்கம் ஆடுவார்கள் என்றால் இரண்டும் செய்பவர் ஒருவராவது கட்டாயம் உண்டு. ஆனால் 'மருத்துவர்களில் பெரும்பாலானோர் ஓடுபவர்கள், ஓடுபவர்களில் பெரும்பாலானோர் நாய் வளர்ப்பவர்கள்' என்பதிலிருந்து மருத்துவர்களின் நாய்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

'ஆல்', 'நெவர்' போன்ற கடுமையான சொல் உள்ள ஆப்ஷனை நீக்கிவிடலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள், கேள்வி வகையைப் பொறுத்தது. கட்டாயம் உண்மை எது, பத்தி அதிகம் ஆதரிப்பது எது, நெசசரி அசம்ப்ஷன் எது: இவற்றில் அடக்கமாகப் பேசும் ஆப்ஷனே பெரும்பாலும் சரி. பலப்படுத்து, பலவீனமாக்கு, சஃபிஷியன்ட் அசம்ப்ஷன், வாதத்துக்கு நியாயம் கற்பிக்கும் கொள்கை: இவற்றில் ஆப்ஷனை உண்மை என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அதனால் எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

எப்போதும் இரண்டு ஆப்ஷன்களில் வந்து நின்று தவறானதைத்தான் எடுக்கிறேன்.

இரண்டில் எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கிறீர்கள், அதுதான் பிரச்சினை. எது கெட்டது என்று பாருங்கள். தவறான ஆப்ஷன் தவறாக இருப்பதற்கு அதற்குள்ளேயே ஒரு குறிப்பிட்ட சொல் இருக்கும்: பத்தி 'சில' என்றது, இது 'பெரும்பாலான' என்கிறது, அல்லது பத்தி விலையைப் பேசியது, இது தரத்தைப் பேசுகிறது. அந்தச் சொல்லை விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ஆப்ஷன்களைத் திரும்பத் திரும்பப் படிக்காமல் பத்தியின் முடிவை மட்டும் சொல்லுக்குச் சொல் மறுபடி படியுங்கள், பல சமயம் அங்கே நீங்கள் கவனிக்காத ஒரு சின்னச் சொல் இருக்கும்.

'குறைகளைச் சொல்' வகையில் இரண்டு கேள்வி போதும்: இந்த ஆப்ஷன் சொல்வதை வாதம் உண்மையிலேயே செய்ததா? செய்திருந்தால், அதுதான் குறையா? அழகான வாக்கியத்தில் எழுதப்பட்ட பல ஆப்ஷன்கள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

நேரம் போதவில்லை. என்ன செய்ய?

ஒரு பகுதியில் 24 முதல் 26 கேள்விகள், 35 நிமிடம். 25 என்று வைத்தால் ஒன்றுக்கு 84 விநாடி. ஆனால் எல்லாவற்றுக்கும் 84 விநாடி கொடுப்பது தப்பான திட்டம். முன்னால் வருபவை பொதுவாக எளிது, போகப் போகக் கடினம், ஆகவே முதல் 10ஐ 12 நிமிடத்துக்குள் முடித்தால் பின்னால் மூச்சு விட இடம் கிடைக்கும். கடைசிக் கேள்விதான் மிகக் கடினம் என்பதும் இல்லை, அங்கே ஓர் எளியது காத்திருக்கும், அதைப் பார்க்காமலே நேரம் முடிந்துபோனால் வருத்தம்தான்.

எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன செய்வது என்று தெரிந்துவிடும்: ஒன்றரை நிமிடத்தில் பிடிபடாததில் ஒரு விடையைக் குறித்து, பிறகு திரும்பி வருவதற்கு அடையாளமாகத் திரையில் கொடி வைத்துவிட்டு நகருங்கள், எதையும் காலியாக விடாதீர்கள். ஒரே அமைப்பில் உள்ள வாதத்தைத் தேடச் சொல்லும் 'பேரலல் ரீசனிங்' நீளமாக இருக்கும், அதைக் கடைசிக்கு ஒத்திப்போடுவதில் தவறே இல்லை.

வேகத்தை மட்டும் தனியாகப் பயிற்சி செய்யாதீர்கள். முதலில் கடிகாரம் இல்லாமல் சரியாகச் செய்யுங்கள். சரியாகச் செய்யத் தெரிந்தபின் வேகம் வரும், தெரியாமல் வேகமாகச் செய்தால் வேகமாகத் தவறுதான் வரும்.

நிறைய மாதிரித் தேர்வு எழுதியும் மதிப்பெண் அதே இடத்தில் நிற்கிறது.

எழுதிய பிறகு என்ன செய்கிறீர்கள்? விடைப் பட்டியலைப் பார்த்து, 'ஓ, சி தானா' என்று தலையாட்டிவிட்டு அடுத்த தேர்வுக்குப் போனால் அந்தத் தேர்வு வீண். விடையைப் பார்க்கும் முன்னால், சந்தேகமாக இருந்த ஒவ்வொரு கேள்வியையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போடுங்கள். இதை பிளைண்ட் ரிவ்யூ என்பார்கள். நேரம் இருந்தபோது சரியாக வந்ததா? அப்படியானால் உங்கள் சிக்கல் வேகமும் பதற்றமும். நேரம் இருந்தும் தவறினதா? அந்த வகையே புரியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு, கலந்து கொடுத்தால் எதுவும் குணமாகாது.

ஒரு நோட்டில் தவறிய கேள்விக்கு மூன்று விஷயம் எழுதுங்கள்: நான் எடுத்தது ஏன் ஈர்த்தது, அது எந்தச் சொல்லால் தவறு, சரியானதை நான் ஏன் ஒதுக்கினேன். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதில்தான் அதிகம் கற்கலாம். குருட்டாம்போக்கில் சரியாக வந்த கேள்விகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் எனக்குத் தாய்மொழி இல்லை. சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே அரிய சொற்கள் அதிகம் வராது, வாக்கிய அமைப்புதான் படுத்தும்: இரட்டை மறுப்பு, நடுவில் செருகிய நீண்ட தொடர், யாரைக் குறிக்கிறது என்று தேட வைக்கும் 'திஸ்', 'தே'. தினமும் நான்கைந்து பத்திகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்ததும் கண்ணை எடுத்து உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத வாக்கியம் எதுவோ அதுதான் உங்களை மெதுவாக்குகிறது. அப்புறம் 'அட் லீஸ்ட்', 'நாட் நெசசரிலி', 'ஃபெயில்ஸ் டு கன்சிடர்' போல விடைகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களைப் பார்த்ததும் புரியும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

எதை வைத்துப் படிப்பது?

பழைய உண்மையான தேர்வுக் கேள்விகளை வைத்துத்தான். தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பின் லாஹப் தளத்தில் இலவசக் கணக்கிலேயே சில முழுத் தேர்வுகள் கிடைக்கும், இன்னும் வேண்டும் என்றால் கட்டணம் உண்டு. உண்மையான தேர்வில் வரும் அதே திரையில், கோடிடும் வசதி, ஆப்ஷனை அடிக்கும் வசதி, கொடி எல்லாவற்றோடும் பழகிக்கொள்ளலாம். யாரோ எழுதிய போலிக் கேள்விகளை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் தவறான ஆப்ஷன் ஏன் தவறு என்பதில் அவை அந்தத் துல்லியத்தோடு இருப்பதில்லை, நீங்கள் கற்கவேண்டியதோ அதையேதான்.

மதிப்பெண் குறைவாக வந்தால் மறுபடி எழுதலாமா?

எழுதலாம். கல்லூரிகளுக்கு மதிப்பெண் அனுப்பப்படும் தற்போதைய காலகட்டத்துக்குள் 5 முறை, வாழ்நாள் முழுக்க 7 முறை என்பது வரம்பு. பிளைண்ட் ரிவ்யூவில் வரும் மதிப்பெண்ணுக்கும் நேரம் வைத்து எழுதி வரும் மதிப்பெண்ணுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால் தாராளமாக மறுபடி எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்தது இன்னும் மதிப்பெண்ணாக மாறவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் தேதி போடுவதற்கு முன் தவறு நோட்டைத் திறந்து, எந்த வகை அதிகம் தவறுகிறது என்று பார்த்து அதை முதலில் முடியுங்கள்.